மூன்று பத்தியில் ஒரு சான்று

ஜூன் 18, 2003, புதன்

காலையிலிருந்து சாரல். கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளாக ஈரம்.

நான் யாரையும் போலீசில் காட்டிக் கொடுக்கவில்லை. தெருவில் அப்படிப் பேச்சாம். லூர்து வேலைக்கு வரும்போதே கேட்டுக்கொண்டு வந்து, பாத்திரம் தேய்த்தபடி சொன்னாள்.

"இன்னாம்மா இது, ஜனங்க கண்டபடி பேசுதுங்க. உங்கூட்டு மொரீஷியஸ் பொண்ண உங்கம்மாவே போலீசாண்ட எழுதிக் குடுத்துட்டாங்களாமேன்னு என்னாண்ட கேக்குறாங்க. நெசமா?"

எழுதிக் கொடுத்தது உண்மை. காட்டிக் கொடுத்தது பொய். இந்த நோட்டிலாவது சரியாக இருக்கட்டும்.

நலினி என் முன்னறையில் இரண்டு வருடமாகத் தங்கியிருக்கும் மாணவி. ஊர் மொரீஷியஸ். பி.காம். கடைசி வருடம் இப்போதுதான் தொடக்கம். வெளிநாட்டு மாணவர்கள் இங்கே பெங்களூரில் தங்கும் அனுமதியை வருடா வருடம் போலீஸ் அலுவலகத்தில் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கடிதம் ஒன்று. 'இன்னார் என் வீட்டில் வசிக்கிறார்.' கேட்டது அவ்வளவுதான்.

நான் மூன்று பத்தி எழுதினேன். முதலில் வசிப்பிடம், பிறகு நடத்தை, கடைசியில் உழைப்பு. கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களுக்குப் பழக்கிய வரிசை. மூன்றாம் பத்தியில்: காலையில் கல்லூரி, மதியத்திலிருந்து ஓசூர் சாலைப் பக்கம் ஒரு கம்பெனியில் பிரெஞ்சு மொழியில் தொலைபேசி வேலை, ஆறு மாதமாக ஒரு நாளும் தாமதமில்லை, தகப்பனார் வேலை போனபின் தன் படிப்பைத் தானே தாங்குகிறாள். இப்படி. பெருமையோடுதான் எழுதினேன். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். தன்னைப் பற்றிய சான்றைத் தானே பிரித்துப் படிப்பது முறையல்ல.

மாணவர் விசாவில் வந்தவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாதாம். எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். நேற்று அவளே அந்த உறையைக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் வைத்திருக்கிறாள்.

26ஆம் தேதி வீட்டுக்காரரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதுள்ள அனுமதி 30 வரை. புதுப்பிக்க மறுத்தால் டிகிரி இல்லாமல் ஊருக்கு.

கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்தது. வாங்க வேண்டும்.


ஜூன் 19, வியாழன்

மழை இல்லை. மின்சாரமும் இல்லை, பத்து மணி முதல்.

ந. காலையில் காப்பி மட்டும். எதிரே உட்கார்ந்தாள், என்னைப் பார்க்கவில்லை. எங்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில்தான். இரண்டு வரி போதுமே மிஸஸ் ஞானமுத்து என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

வேலை செய்யக் கூடாது என்பதை என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

சொல்லியிருந்தால் வீட்டில் வைத்திருப்பீர்களா என்றாள்.

வைத்திருக்க மாட்டேன். அதைச் சொல்லவில்லை. சர்க்கரைக் கிண்ணத்தை மூடினேன்.

ஒன்று யோசிக்கிறேன். அவள் வெளிநாட்டவள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பாஸ்போர்ட்டில் பெயர் பிரெஞ்சுக்காரர் வாயில் போய்த் திரும்பி வந்த மாதிரி இருக்கும். ஆனால் அது அருணாசலம்தான். முகம் நம் கோயிலில் பாட்டுக்குழுவில் நிற்கிற பெண்களின் முகம். தமிழ் தெரியாது. முருகன் பாட்டு நாலைந்து பொருள் தெரியாமல் பாடுவாள், பிறகு லூர்துவிடம் பிடித்த 'இன்னா', 'அப்பால', 'பேஜார்'. இவ்வளவுதான் மூலதனம். வந்த முதல் நாள் என்னை ஆன்ட்டி என்றாள். நான் யாருக்கும் ஆன்ட்டி இல்லை என்றேன். அன்றிலிருந்து மிஸஸ் ஞானமுத்து.

மாலை அடுத்த வீட்டு பிலோமினா. கேட்டைத் திறக்கும்போதே குரல்.

"ரோஸலின் அக்கா, நீங்க செஞ்சதுதான் கரெக்ட். ஃபாரின் பொண்ணுங்கள வெச்சுக்கினா நாளைக்கு நமக்குத்தானே ரிஸ்க்கு? நானா இருந்தா போன வருஷமே எழுதிப் போட்டிருப்பேன்."

"நான் அவளைப் புகழ்ந்து எழுதினேன், பிலோமினா."

"அய்யே, எங்கிட்ட கூட மறைக்கிறீங்களே அக்கா!"

திட்டுகிறவர்களைப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பாராட்டு தாங்கவில்லை. அவளுக்குக் கொடுக்கவிருந்த பிஸ்கட்டைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.


ஜூன் 21, சனி

மேகமூட்டம். கேஸ் வந்தது. மோட்டார் ரிப்பேர்க்காரன் வரவில்லை.

கம்பெனியின் சுமோ வண்டி மூன்று நாளாக வாசலில் நிற்பதில்லை. இன்று அடுத்த தெருவில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த டிரைவரை லூர்து பிடித்துக் கேட்டிருக்கிறாள். "லிஸ்ட்டுல பேரு இல்லம்மா, ஸ்டாப் மாடி அந்த்ரு" என்றானாம், நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்று கன்னடத்தில். ந. கம்பெனியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அந்தப் பெயரில் எங்களிடம் யாரும் வேலை செய்ததே இல்லை என்றாளாம், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண். விஷயம் தெரிந்து பெயரையே அழித்துவிட்டார்கள். அங்கே சேரும்போது 'பயிற்சி' என்று பெயர் வைத்துக்கொள்வோம், கவலைப்படாதே என்று சொன்னவர்களும் அவர்களே.

பின்னேரம் ந. தானாகவே என் அறைக்கு வந்தாள். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினோம். எனக்காக இங்கே தமிழில்:

1. இங்கேயே வேலை. படிப்பு முடிந்து ஊர் திரும்பி, அங்கிருந்து வேலை விசா கேட்க வேண்டும். இவள்தான் வேண்டும் என்று ஏதாவது ஒரு கம்பெனி எழுதித் தர வேண்டும். பி.காம். படித்தவர்களுக்குப் பெங்களூரில் பஞ்சமா?

2. இந்திய வம்சாவளியினர் அட்டை. அது இருந்தால் வேலைக்குத் தடையில்லை. ஆனால் கொள்ளுத் தாத்தா வரைதான் கணக்கில் வரும். இவள் குடும்பத்தில் கப்பலேறியவர் எள்ளுத் தாத்தா.

3. பிரான்ஸ், மேற்படிப்புக்கு. அங்கே மாணவர்கள் வாரத்துக்குச் சில மணி நேரம் சட்டப்படியே வேலை பார்க்கலாமாம். இவள் பள்ளித் தோழி ஒரு ரொட்டிக் கடையில் நிற்கிறாள். யாரிடமும் ஒளிக்க வேண்டியதில்லை.

4. ஊர். அப்பா இருந்த சர்க்கரை ஆலை மூடியாகிவிட்டது. டிகிரி இல்லாமல் போனால் ஏற்றுமதித் துணி ஆலையில் தையல்.

நான்குக்கும் மேலே ந. பெரிதாக எழுதினாள்: டிகிரி. அடிக்கோடு இரண்டு.

இரண்டாவதைப் பார்த்துச் சிரித்தாள். ஒரே ஒரு தலைமுறை, மிஸஸ் ஞானமுத்து, அந்தக் கிழவர் கொஞ்சம் மெதுவாகக் கல்யாணம் செய்திருக்கலாம் என்றாள். நானும் சிரித்துவிட்டேன். வேலை செய்வதற்கென்றே இங்கிருந்து கையெழுத்து வாங்கிக் கப்பலேற்றினார்கள். அவருடைய பேத்தியின் பேத்தி திரும்பி வந்தால் வேலைதான் செய்யக் கூடாது.


ஜூன் 22, ஞாயிறு

ஏழரை மணிப் பூசை. பிரசங்கம் நீளம், ஒலிபெருக்கி கரகரப்பு. பிலோமினா இரண்டு பெஞ்சு தள்ளி யாரிடமோ என்னைக் காட்டினாள்.

மதியம் வின்சென்ட் சாப்பிட வந்தான். என் கணவரின் தம்பி மகன், வக்கீல் ஒருவரிடம் ஜூனியர். கோழிக் குழம்பு முடியும்வரை விஷயத்தை எடுக்கவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாள்.

"பெரியம்மா, ரொம்ப சிம்பிள். உங்களுக்கு வயசு எழுபத்திரண்டு. மெமரி வீக். அவ காலேஜுக்குப் போறத வேலைக்குப் போறான்னு தப்பா நெனச்சு எழுதிட்டீங்க. ஒரு சைன். ஃபைல் க்ளோஸ்."

"எனக்கு மறதி இல்லை. நீ ஞானஸ்நானத்தில் எத்தனை மணிக்கு அழ ஆரம்பித்தாய் என்பதுகூடச் சொல்வேன்."

"அதான் பெரியம்மா பிரச்சினையே. உங்க மெமரி நல்லா இருந்தா அந்தப் பொண்ணு ஃப்ளைட் ஏறணும்."

வாயாடி. ஆனால் தப்பாகச் சொல்லவில்லை.

தாளை வாங்கி வைத்தேன். முதல் வரியிலேயே மூன்று பிழை.


ஜூன் 24, செவ்வாய்

சாரல் மீண்டும். தட்டச்சுப் பொறிக்கு ரிப்பன் மாற்றினேன். விரலெல்லாம் மை.

வின்சென்டின் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். பிழைகளைத் திருத்தி. 'முதுமையால் நினைவு தடுமாறும் நிலையில்' என்ற இடத்தில் கை நின்றது. இந்தத் தெருவில் எல்லோருடைய பிறந்த நாளும் எனக்குத் தெரியும். போகட்டும். தட்டினேன்.

பெட்டியில் கார்பன் தாள் தேடியபோது பழைய காகிதம் ஒன்று கையில் வந்தது. கல்யாணத்துக்கு முன் சவுத் பரேட் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோவாக ஆறு வருடம். அங்கே கல்யாணமான பெண்கள் வேலையில் தொடரக் கூடாது. யாரும் கோபமாகச் சொல்லவில்லை. ராஜினாமாக் கடிதத்தை நீயே தட்டச்சு செய்துவிடு, உன்னைப்போல் சுத்தமாக யாரும் செய்ய மாட்டார்கள் என்றார் துரை. செய்தேன். தேதியில் ஒரு பிழை வந்து, கிழித்துவிட்டு இன்னொரு தாளில் செய்தேன். பதிலுக்குக் கிடைத்த சான்று இதுதான்: 'குமாரி ரோஸலின் ஆறு ஆண்டுகள் எங்களிடம் பணிபுரிந்தார். திருமணத்தை முன்னிட்டு விலகுகிறார்.' இரண்டு வரி. சுருக்கெழுத்தில் என் வேகம் என்ன என்பது அதில் இல்லை. அவர் ஊருக்குப் போயிருந்த மூன்று மாதம் கடிதப் போக்குவரத்தை நான் தனியாகப் பார்த்துக்கொண்டதும் அதில் இல்லை. வேறெங்கும் காட்டி வேலை கேட்க உதவாத தாள்.

கல்யாணமானபின் என் கணவரிடம் காட்டினேன். "கல்யாணத்துக்கப்புறம் இது எதுக்கும்மா?" என்றார். நல்ல மனிதர். அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து யாருக்கும் இரண்டு வரியில் சான்று எழுதியதில்லை. எங்கள் தேவாலயப் பங்கில் எத்தனையோ பெண்களுக்கு எழுதியிருக்கிறேன், நர்ஸ் வேலைக்கு, டீச்சர் வேலைக்கு. யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

அவர்களெல்லாம் வேலை செய்ய உரிமை உள்ளவர்கள். அதைப் பார்க்கவில்லை நான். என் பழைய குறையை அவள் காகிதத்தில் தீர்த்துக்கொண்டேனோ.

பொய்க் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.


ஜூன் 26, வியாழன்

வெயில், ஒரு வாரத்துக்குப் பிறகு. சாம்பல் நிறப் பட்டு. ஆட்டோ ஒன்பது மணிக்கு.

அலுவலகத்தில் நீண்ட வரிசை. சூடான் பையன்கள், நேபாளப் பெண்கள், ஈரானிய தம்பதி, கைக்குழந்தை. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் உறை. ந. கையில் கல்லூரி முதல்வர் கடிதம். வருகைப்பதிவு ஒழுங்கு, மதிப்பெண் நன்று.

அதிகாரி நாற்பது வயதுப் பெண்மணி. "கூத்கொள்ளி அம்மா" என்று நாற்காலியைக் காட்டினார். ஃபைலைத் திறந்தார். என் கடிதம் மேலாகவே இருந்தது. மூன்றாம் பத்தியைச் சத்தமாகப் படித்தார், ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி. அப்போதுதான் நினைவுக்கு வந்தது, ந. இதுவரை அதைப் படித்ததில்லை. உறை ஒட்டியிருந்தது. அதிகாரியும் மேலோட்டமாகத்தான் சொல்லியிருக்கிறார். என் பக்கத்தில் நின்று முதல்முறையாகக் கேட்கிறாள். 'அழைப்பவர் கோபப்பட்டாலும் குரல் உயர்த்தாதவள் என அவளுடன் வேலை செய்பவர்கள் கூறக் கேட்டிருக்கிறேன்.' அந்த வரியில் தலை குனிந்துகொண்டாள்.

அதிகாரி என்னைப் பார்த்து, "இது நிஜானா அம்மா?" என்றார்.

கைப்பை மடியில். கொக்கியைத் திறந்தேன். இங்கே எழுதி வைக்கிறேன்: கொடுத்திருப்பேன். எழுபத்திரண்டு வயதில், மறதிக்காரி என்று கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டியிருப்பேன். விரல் அதன்மேல் இருந்தது.

"நிஜம்" என்றாள் நலினி.

கன்னடம் தெரியாதவள். அந்த ஒரு சொல் எந்த மொழியிலிருந்து பிடிபட்டதோ. "நிஜம், மேடம். வேல செஞ்சேன். இப்ப இல்ல. அப்பால செய்ய மாட்டேன்."

லூர்துவின் தமிழ். அதிகாரிக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில் நிறைய கேட்டார். எத்தனை நாள், எந்த இடம், எப்போது நின்றது. எல்லாவற்றுக்கும் நேரான பதில். எழுதி வாங்கினார். வேலையை விட்டுவிட்டேன், படிப்பு முடியும்வரை செய்ய மாட்டேன், மீறினால் உடனே திரும்பிவிடுகிறேன். சாட்சியாக என் கையெழுத்து. இரண்டு மணி நேரம் வெளியே பெஞ்சில். திரும்ப அழைத்தார். அனுமதி அடுத்த வருடம் மே முடிய. பரீட்சை அதற்குள் முடிந்துவிடும். முத்திரைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில்: வேலை செய்ய அனுமதி இல்லை.

எழும்போது என்னிடம் கன்னடத்தில் சொன்னார்: "அம்மா, இங்கே வீட்டுக்காரர் கடிதம் தினமும் எத்தனையோ வரும். இப்படி ஒன்று வந்ததில்லை. அடுத்த தடவை இரண்டு வரி போதும்."

திரும்பும்போது ஆட்டோவில் நான் சொன்னேன், உன்னைக் கேட்காமல் எழுதியது தவறு என்று. நான் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் அல்ல. சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்று மறுபடியும் சொன்னேன்.

கேட்டது என்றாள். பொய் சொல்லலாம் என்றுதான் போனாளாம். அந்தப் பத்தியைக் கேட்டபின் அது நான் இல்லை என்று சொல்ல முடியவில்லையாம்.

கோல்ஸ் பார்க் பக்கம் நிறுத்தி, இளநீர் இரண்டு.


ஜூன் 27, வெள்ளி

பிலோமினா இப்போது வேறு சொல்கிறாளாம். நான் பெரிய இடத்தில் ஆளைப் பிடித்து அனுமதி வாங்கிவிட்டேன் என்று. லூர்து மகிழ்ச்சியாகச் சொன்னாள்: "இப்போ உங்களக் கண்டா பயப்படுதுங்கம்மா, உட்டுடுங்க." விடவில்லை. யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். மறுபடி பேஜார் என்றாள்.

வின்சென்டின் தாளைக் கிழித்து அடுப்பு மூட்டவும் முடியாது, கேஸ் அடுப்பு. குப்பையில்.


ஜூலை 5, சனி

மழை. முன்னறை ஜன்னல் ஓரம் ஒழுகுகிறது.

ந.வுக்கு அம்மாவிடமிருந்து கடிதம். உள்ளே செய்தித்தாள் துண்டு. போர்ட் லூயிஸில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் நிறுவனம் ஒன்று புதிதாக வருகிறதாம். டிகிரி வேண்டும், ஆறு மாத அனுபவம் வேண்டும், அனுபவத்துக்கு எழுத்துச் சான்று வேண்டும்.

அனுபவம் இருக்கிறது. சான்று தர வேண்டியவர்கள் அவளைத் தெரியாது என்கிறார்கள்.

துண்டை மடித்துக்கொண்டே கதவுநிலை வரை போனாள். பிறகு கேட்டாள்: அந்தக் கடிதத்துக்குக் கார்பன் நகல் வைத்திருப்பீர்களே, மிஸஸ் ஞானமுத்து?

வைத்திருக்கிறேன். எப்போதும் வைப்பேன். ஆறு மாதம் அவள் வேலை செய்தாள் என்று சொல்லும் காகிதம் உலகத்தில் இரண்டுதான். ஒன்று அந்த ஃபைலில். இன்னொன்று என் அலமாரியில், ஜவுளிக்கடை அட்டைப்பெட்டிக்குள்.

இது வெளியே போனால் இங்கே மறுபடி வம்பு வருமா என்று வின்சென்டைத் தொலைபேசியில் கேட்டேன். "அவங்களுக்கே தெரிஞ்ச விஷயம் பெரியம்மா, எழுதுங்க. ஆனா ப்ளீஸ், சின்னதா" என்றான்.


ஜூலை 7, திங்கள்

தூறல். மோட்டார் சரியாயிற்று. சொட்டு மருந்து இன்னும் வாங்கவில்லை.

போர்ட் லூயிஸ் நிறுவனத்துக்குப் புதிதாகத் தட்டச்சு செய்தேன். மூன்று பத்தி. சம்பளத்துக்குச் செய்த வேலை, இங்குள்ள விதிப்படி செய்திருக்கக் கூடாத வேலை, அதிகாரி கேட்டபோது தானே ஒப்புக்கொண்டாள் என்பதையும் சேர்த்து. நான் அவளுடைய முதலாளி அல்ல, வீட்டுக்காரி என்பதையும். அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்றால் வேண்டாம்.

உறையை ஒட்டவில்லை. அவளிடம் கொடுத்து, படித்துவிட்டு நீயே ஒட்டு என்றேன்.

அரை மணியில் திரும்பி வந்தாள். ஒரு திருத்தம். 'ஒரு நாளும் தாமதமில்லை' என்பது சரியில்லையாம். பிப்ரவரியில் இரண்டு நாள் சுமோவைத் தவறவிட்டுப் பஸ்ஸில் போனாளாம், எனக்குத் தெரியாமல்.

மூன்றாம் பத்தி முழுவதும் மறுபடி தட்டினேன். 'இரு நாட்கள் தவிர.'

முடிவை மட்டும் இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன், நகல் தொலைந்தாலும் இருக்கட்டும்:

'செல்வி நலினி அருணாசலம் அடுத்த ஆண்டு ஜூன் முதல் வேலையில் சேரத் தயாராக இருப்பார். அவரை எடுத்துக்கொள்வீர்களா, மாட்டீர்களா என்பதைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். மேலே உள்ள முகவரிக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.'